வாய்தாவுக்கும் டிக்ரிக்கும் நடுவில் இன்னொரு உறவு

"கேஸ் போட்டு மூணு வருஷம் ஆச்சு, இனிமே என்னா புருஷன் பொண்டாட்டி?" திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, குடியாத்தம் பக்கம் எந்த வக்கீல் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். சட்டம் இதற்குத் தரும் பதில் கறாரானது. எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) எண் விழுந்ததால் கல்யாணம் முறிவதில்லை. தனித்தனியே வாழ்வதாலும், சீரைத் திருப்பிக் கொடுத்ததாலும், தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டதாலும் முறிவதில்லை. நீதிபதி டிக்ரி (விவாகரத்துத் தீர்ப்பாணை) கொடுக்கும் நாள்வரை நீங்கள் கல்யாணமானவர். அதற்கு இடையில் இன்னொருவரோடு உறவு ஏற்பட்டால் என்னென்ன ஆகும் என்பதில் பாதிப் பேர் அளவுக்கு மேல் பயப்படுகிறார்கள். மீதிப் பேருக்குப் பயமே இல்லை. இரண்டுமே தப்பு.

பயத்தை முதலில் பார்ப்போம். கல்யாணமான ஒருவர் இன்னொருவரோடு உறவு வைத்திருப்பது இன்று குற்றமல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியோடு நீக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது திரும்பவில்லை. ஆகவே "உன்னையும் அவளையும் உள்ள தள்ளிடுவேன்" என்று ஸ்டேஷனில் யாராவது மிரட்டினால், இந்த ஒரு காரணத்துக்காக அது நடக்காது. ஆனால் அதன் 84-ஆம் பிரிவு (பழைய 498) இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னொருவரின் மனைவியை உறவுக்காக ஆசைகாட்டி அழைத்துப் போவதற்கு அதில் 2 வருடம் வரை தண்டனை உண்டு. அந்தப் பெண் தன் விருப்பத்தில் வந்தார் என்றால் வழக்கு நிற்பது கடினம். ஆனாலும் புகார் எழுதும்போது இந்தப் பிரிவைத்தான் தேடிப் பிடித்துப் போடுவார்கள்.

குற்றமாவது இரண்டாவது கல்யாணம். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 5(i) பிரிவுப்படி, கல்யாண நேரத்தில் இருவரில் எவருக்கும் உயிரோடு துணை இருக்கக் கூடாது. இருந்தால் 11-ஆம் பிரிவுப்படி இரண்டாவது கல்யாணம் செல்லாது. அதை யாரும் ரத்து செய்யக்கூடத் தேவையில்லை, பிறக்கும்போதே செத்தது. 17-ஆம் பிரிவு அதைத் தண்டனைச் சட்டத்தோடு இணைக்கிறது. நியாய சன்ஹிதாவில் அது 82-ஆம் பிரிவு: 7 வருடம் வரை. முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாவது கட்டியிருந்தால் 10 வருடம் வரை. மதம் மாறித் தப்பிக்கலாம் என்ற வழியை 1995-இல் சரளா முத்கல் வழக்கும் 2000-இல் லில்லி தாமஸ் வழக்கும் அடைத்துவிட்டன.

இங்கேதான் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல். இரண்டாவது கல்யாணம் நடந்தது என்றால் முறையான சடங்கோடு நடந்திருக்க வேண்டும் என்பது 1965-இல் பாவுராவ் லோகண்டே வழக்கிலிருந்து நிற்கும் விதி. பல மாநிலங்களில் குற்றவாளிகள் இதை வைத்தே தப்பினார்கள். "சப்தபதி நடக்கலை, ஏழடி வைக்கலை, அது கல்யாணமே இல்லை" என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சாக்கு எளிதில் எடுபடாது. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் இங்கே சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, உற்றார் உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் என்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்த பிரிவு, இருதார வழக்கில் முதல் மனைவியின் கையில் ஆயுதமாகிவிட்டது. இதை உறுதிசெய்த 2001-ஆம் ஆண்டு நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில், இரண்டாவது கல்யாணம் நடந்த இடம் நம்ம திருத்தணிதான். சப்தபதி நடக்கவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

எல்லையைத் தாண்டி நகரியிலோ திருப்பதியிலோ காளஹஸ்தியிலோ கட்டினால் 7-ஏ வராதே என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அது தமிழ்நாட்டுத் திருத்தம் என்பது உண்மை. ஆனால் கோயிலில் புரோகிதர் வைத்து வழக்கமான சடங்கு நடந்தால் 7-ஆம் பிரிவே போதும். மேலும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 202(2) பிரிவைப் பாருங்கள்: கல்யாணம் நடந்த ஊர் மட்டுமல்ல, முதல் துணையோடு கடைசியாகக் குடியிருந்த ஊரிலும், முதல் மனைவி அதன்பின் நிரந்தரமாகத் தங்கிய ஊரிலும் வழக்கு நடத்தலாம். காளஹஸ்தியில் கட்டிய தாலிக்குத் திருத்தணியில் கூண்டில் நிற்க வேண்டி வரலாம்.

ஆந்திரப் பக்கம் இன்னும் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் இருதாரப் புகாரைப் போலீஸ் தானாக எடுக்க முடியாது. பாதிக்கப்பட்ட கணவனோ மனைவியோ மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப் புகார் போட வேண்டும். மனைவிக்காக அவருடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள் போடலாம் (இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு). ஆந்திரம் 1992-இலேயே பழைய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி, இதைப் போலீஸ் நேரே கைது செய்யக்கூடிய, ஜாமீன் இல்லாத குற்றமாக்கியிருந்தது. 2011-இல் சுபாஷ் பாபு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதோடு, ஏமாற்றப்பட்ட இரண்டாம் மனைவியும் புகார் கொடுக்கலாம் என்றது. 2024 ஜூலைக்கு முன் சித்தூர் மாவட்டத்தில் நடந்த கல்யாணம் என்றால் இதை மனதில் வையுங்கள். அதற்குப் பின் நடந்ததற்குப் புதிய சட்டத்தின் அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் 82-ஆம் பிரிவு ஜாமீன் உள்ளது, பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாதது. வருஷம் போனால் குற்றம் காலாவதி ஆகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அந்தக் காலவரம்பு இல்லை.

புகார் போடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் சாட்சியில். "ஆமாம், நாங்க புருஷன் பெண்டாட்டிதான்" என்று எதிர்த்தரப்பே எங்கேயாவது ஒப்புக்கொண்டிருந்தாலும் அது மட்டும் போதாது. 1966-இலிருந்தே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி வருகிறது. ரேஷன் கார்டில் பேர், ஆதாரில் விலாசம், வாட்ஸ்அப் டிபி எல்லாம் சேர்ந்து குடித்தனத்தைக் காட்டும், கல்யாணத்தைக் காட்டாது. வேண்டியது தாலி கட்டிய நிமிடம்: அதைப் பார்த்த ஒருவர், புரோகிதர், மண்டப ரசீது, வீடியோ. வீடியோ என்றால் புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று கூடவே வேண்டும். போனிலிருந்து போனுக்கு நாலு கை மாறிய கிளிப்பைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. யார் எடுத்தார், எந்தக் கருவியில் எடுத்தார் என்பதை அவரே வந்து சொல்ல வேண்டும். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கிடைத்தால் உதவும். ஆனால் சடங்கே இல்லாமல் பதிவு மட்டும் செய்தால் அது கல்யாணம் ஆகாது என்று 2024-இல் டாலி ராணி வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

தண்டனை, அன்று கோர்ட் கலையும்வரை அங்கே உட்கார்ந்திருப்பது மட்டும்தானே என்று அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 2024 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அந்த மாதிரித் தண்டனையைத்தான் உச்ச நீதிமன்றம் போதாது என்று மாற்றியது. விவாகரத்து முடியும் முன்பே மறுமணம் செய்த பெண்ணுக்கும், தெரிந்தே அவரைக் கட்டியவருக்கும் 6 மாதச் சிறை. 6 வயதுக் குழந்தை இருந்ததால், முதலில் அவரைக் கட்டியவர், அவர் திரும்பிய பின் அந்தப் பெண் என்று முறைவைத்து அனுப்பினார்கள். கூட வந்த உறவினர்கள் எல்லாரையும் சேர்த்துவிடலாம் என்பதும் நடக்காது. கேரளத்திலிருந்து போன நிதீன் வழக்கில் அதே ஆண்டு, பந்தலில் நின்றதும் விஷயம் தெரிந்திருந்ததும் போதாது, அவர்கள் செய்த செயல் என்ன என்று காட்ட வேண்டும் என்றார்கள்.

சரி, தாலி கட்டவில்லை, சேர்ந்து வாழ மட்டும் செய்கிறோம் என்றால்? சிறை இல்லை. ஆனால் குடும்ப நீதிமன்றத்தில் கணக்கு மாறும். இந்து திருமணச் சட்டத்தின் 13(1)(i) பிரிவுப்படி கல்யாணத்துக்குப் பின் வேறொருவரோடு ஒருமுறை விருப்ப உறவு இருந்தாலே விவாகரத்துக்குக் காரணம். 1976-க்கு முன்புதான் "தொடர்ந்து வாழ்தல்" வேண்டியிருந்தது. இங்கே கிரிமினல் வழக்கு அளவுக்கு நிரூபணம் வேண்டாம். நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். லாட்ஜ் பதிவேடு, ஒரே விலாசத்தில் வாடகை ஒப்பந்தம், ராத்திரி இரண்டு மணிக்கு வந்த மெசேஜ்கள், அண்டை வீட்டார் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்தால் வேலை முடிந்தது. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து போன்கள் ஆபத்தான பொருளாகிவிட்டன. இன்னொருவர் பேரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால், பொதுவாக அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் போட்ட மனுக்கள் பாதி வழியில் இடறி விழுகின்றன.

குற்றம் சாட்டுபவருக்கும் ஒரு எச்சரிக்கை. விஷயம் தெரிந்த பிறகு சமாதானமாகித் திரும்பச் சேர்ந்து வாழ்ந்தால், 23(1)(பி) பிரிவுப்படி அது மன்னித்ததாகக் கணக்கு. பெரியவர்கள் பேசி அனுப்பிவைத்த பதினைந்து நாளில் வழக்கே போய்விட்டவர்கள் உண்டு.

ஜீவனாம்சத்தில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவில் (பழைய 125) மனைவி "கள்ள உறவில் வாழ்ந்துகொண்டிருந்தால்" கிடையாது. "வாழ்ந்துகொண்டிருந்தால்" என்ற சொல்லில்தான் எடை. எப்போதோ ஒரு சறுக்கல், பழைய போட்டோ ஒன்று, இவை போதாது. மனு நடக்கும் காலத்தை ஒட்டி, தொடர்ந்த உறவு என்று கணவன் நிரூபிக்க வேண்டும். டிக்ரியோடு வரும், இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நிரந்தரத் தொகையிலோ கணக்கு இன்னும் கடுமை. மனைவி மறுமணம் செய்தாலும் கற்பு தவறினாலும், கணவன் பெறுபவராக இருந்து வேறு பெண்ணோடு உறவு வைத்தாலும், தொகையை மாற்றவோ நிறுத்தவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கணவனின் பக்கம் வேறு மாதிரி அடி விழும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின் இருவரும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் காட்டும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கையில் காசில்லை என்று எழுதியவரின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரே பெயருக்கு 15,000 போயிருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியே அவரைக் காலி செய்யும். புதியவரைக் கொண்டுவந்து மனைவி இருக்கும் வீட்டிலேயே குடிவைத்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வீட்டை விட்டு வெளியேற்றும் உத்தரவு வரை போகலாம். ஆனால் வேறு உறவு இருப்பது மட்டுமே பழைய 498-ஏ (நியாய சன்ஹிதாவில் 85) சொல்லும் கொடுமை ஆகாது. 2013-இல் பினாகின் ராவல் வழக்கிலேயே சொல்லியாயிற்று.

புதிதாக வருபவரின் நிலைமையை யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010), குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதியானவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். கல்யாணமான ஆள் என்று தெரிந்தே போனவருக்கு அந்த வாசல் அநேகமாக மூடியது. மறைத்து ஏமாற்றிக் கட்டியிருந்தால் ஜீவனாம்சம் உண்டு. 2025 பிப்ரவரியில் சுக்தேவ் சிங் வழக்கு, செல்லாத கல்யாணத்திலும் 25-ஆம் பிரிவுத் தொகை கேட்கலாம் என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தது. கல்யாணத்தை மறைத்துவிட்டு "கட்டிக்கிறேன்" என்று சொல்லி உறவு கொண்டவருக்கோ, நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு 10 வருடம் வரை காத்திருக்கிறது.

குழந்தை பிறந்துவிட்டால் சட்டத்தின் முகம் இன்னும் விசித்திரம். டிக்ரிக்கு முன்போ, டிக்ரியிலிருந்து 280 நாளுக்குள் (தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போது) பிறந்த குழந்தையோ, சட்டப்படி அந்தக் கணவனின் குழந்தை. புதிய சாட்சிய சட்டம் 116-ஆம் பிரிவு. அந்தக் காலத்தில் இருவரும் சந்திக்கவே வாய்ப்பில்லை என்று காட்டினால்தான் இது உடையும். கணவன் துபாயில் இருந்தார், பாஸ்போர்ட் முத்திரை இருக்கிறது என்றால் காட்டலாம். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார் என்றால் முடியாது. டி.என்.ஏ. எடுத்துவிடலாமே என்பார்கள். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முதலில் சந்திப்பு வாய்ப்பு இல்லை என்று நிரூபி, அதற்குப் பின் பார்க்கலாம் என்றது. செல்லாத இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளை இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கைவிடவில்லை. 2023 செப்டம்பர் 1-இல் ரேவணசித்தப்பா வழக்கில், அப்பா அம்மாவின் சொத்தில், கூட்டுக் குடும்பப் பாகத்தில் அப்பாவுக்கு வரக்கூடிய பங்கு உட்பட, அவர்களுக்கும் உரிமை என்று தீர்ந்தது. தாத்தா, சித்தப்பா சொத்தில் நேரே கேட்க முடியாது.

வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால் மனு அதோடு முடிகிறது. முதல் மனைவி, வருஷக்கணக்கில் பேசாதவராக இருந்தாலும், முதல் வகுப்பு வாரிசு. குடும்ப ஓய்வூதியம் அவருக்கே. இரண்டாமவருக்கு இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு என்று 2000-இல் ராமேஷ்வரி தேவி வழக்கு. நாமினி பேரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பவர்களே, நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், வாரிசு வேறு. சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்குப் போகவேண்டும் என்று உயில் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது ஒரு காலை வேலைதான்.

அரக்கோணம், காட்பாடி, ரேணிகுண்டா ரயில்வே ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன் 19-ஆம் விதியும் ரயில்வே நடத்தை விதிகளின் 21-ஆம் விதியும் துணை இருக்கும்போது மறுமணத்தைத் தடுக்கின்றன. இதற்குக் கிரிமினல் கோர்ட் தண்டனை தேவையில்லை. துறை விசாரணை தனியாக ஓடும், வேலையே போகலாம். பொறாமையில் வரும் ஒரு புகாரே போதும் அது தொடங்க.

பஞ்சாயத்து விடுதலை பற்றி. எங்கள் பக்கம் இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் "இனி ஒருவர் மேல் ஒருவர் பாத்தியதை இல்லை" என்று எழுதி நோட்டரி முத்திரை வைப்பார்கள். தெலுங்குப் பக்கம் இதுவே விடாகுல பத்ரம். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றுவது நிஜம். ஆனால் அந்தச் சாதியில், அந்தப் பகுதியில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று சொல்பவர்தான் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். 2002-இல் யமனாஜி ஜாதவ் வழக்கு இதைத்தான் அழுத்திச் சொன்னது. நோட்டரி விவாகரத்துக் கொடுக்க முடியாது. அந்தத் தாளை நம்பிக் கட்டிய தாலி இருதார வழக்கில் போய் நிற்கலாம்.

டிக்ரி வந்தபின்னும் அடுத்த முகூர்த்தத்தைப் பார்த்துவிடாதீர்கள். 15-ஆம் பிரிவுப்படி மேல்முறையீட்டு உரிமை இல்லாதபோதோ, காலம் கழிந்தபோதோ, மேல்முறையீடு தள்ளுபடியானபோதோதான் மறுமணம். இந்து திருமணச் சட்டம் 28-இல் 90 நாள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 19-இல் 30 நாள். எது பொருந்தும் என்பதில் தகராறு இருந்ததால் 90-ஐயே எண்ணுங்கள், நகல் மனு போட்டு நகல் கிடைத்த நாட்களையும் சேர்த்து. பிறகு மேல்முறையீடு இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் தேடிப் பாருங்கள். குடும்ப நீதிமன்றம் கொடுத்த ஒப்புதல் டிக்ரிக்கு மேல்முறையீடு கிடையாது. 90 நாளுக்குள் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். 1978-இல் லீலா குப்தா வழக்கிலிருந்து, 15-ஆம் பிரிவை மீறியது மட்டும் கல்யாணத்தைச் செல்லாததாக்காது. ஆனால் வழக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தாம்பத்தியத்தைத் தொடங்குவானேன்?

நிஜமான கண்ணி எக்ஸ்பார்ட்டி (எதிர்த்தரப்பு வராமலே கொடுக்கும்) டிக்ரியில். மனைவி அம்மா வீட்டில் பள்ளிப்பட்டில் இருப்பார். கணவன் சித்தூர் பழைய விலாசத்துக்குச் சம்மன் அனுப்பி, அது திரும்பிவர, தெலுங்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, ஆறு மாதத்தில் டிக்ரி வாங்கிவிடுவார். மனைவிக்கு விஷயம் தெரிவது கணவனின் இரண்டாவது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் டிக்ரியை நீக்க மனு போடலாம். டிக்ரி நீங்கினால் பழைய கல்யாணம் எழுந்து உட்காரும். எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தும் மறைத்து வாங்கிய டிக்ரி, புதுக் கல்யாணத்துக்கு மணல் அஸ்திவாரம்.

வேகமாக முடிக்க வேண்டுமென்றால் 13-பி ஒப்புதல் மனுதான் வழி. ஒரு வருடப் பிரிவு, முதல் மனு, 6 மாதத்துக்குப் பின் 18 மாதத்துக்குள் இரண்டாவது. 2017-இல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பின், ஒன்றரை வருடம் பிரிந்திருந்து பணமும் பிள்ளையும் பேசி முடித்திருந்தால், முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்தே அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். டிக்ரிவரை எவரும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதால், புதிய உறவு அந்த இடைவெளியில் வெளியே தெரிந்தால் விலை ஏறும். ஐந்து லட்சத்துக்குப் பேசியது பத்தாகும், அல்லது கையெழுத்தே வராது.

வழக்கு எங்கே என்பதும் எல்லையில் ஒரு செலவு. மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே போடலாம், 2003 திருத்தத்தின்படி. கணவன் சித்தூரில் முந்திக்கொண்டு போட்டுவிட்டால் அதைத் திருத்தணிப் பக்கம் கொண்டுவர உயர் நீதிமன்றத்தால் முடியாது. மாநிலம் மாறுவதால் சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவில் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பஸ்ஸில் ஓரிரு மணி நேர தூரத்துக்காக.